பெங்களூர் ஏன் இப்படி இருக்கிறது? கம்பெனிகள், ரோடு, போன் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓசூர் தாண்டி வேலைக்கு வரும் நம் ஆட்கள் முதல் இரண்டு மாதத்துக்குள் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ரோடு ஏன் இப்படி, ஆட்டோக்காரர் ஏன் மீட்டர் போட மாட்டேன் என்கிறார், மெட்ரோ ஸ்டேஷனுக்கு எதற்குக் கம்பெனி பெயர், நல்லா இருந்த போன் ஏன் மூன்று வருஷத்தில் தள்ளாடுகிறது. ஒவ்வொன்றும் தனித்தனி எரிச்சல் மாதிரித் தெரியும். எனக்கு எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே விஷயம்தான் தெரிகிறது: முடிவெடுப்பவர் ஒருவர், அதற்கான செலவைச் சுமப்பவர் வேறொருவர். வரிசையாகப் படிக்கத் தேவையில்லை, உங்களைக் கடிக்கிற கேள்விக்கு நேராகப் போகலாம்.

இதெல்லாம் சதிக்கதை இல்லையா? கம்பெனிகள் கூடி உட்கார்ந்து ஊரைப் பிடிக்கத் திட்டம் போட்டார்களா என்ன?

அப்படி யாரும் கூடி உட்காரத் தேவையே இல்லை. பெரும்பாலும் எல்லாம் பகிரங்கமாகத்தான் நடக்கிறது. ஒப்பந்தத்தில் ஒரு பிரிவு, அரசாணையில் ஒரு வரி, போனில் ஏற்கெனவே டிக் அடித்து வைத்த ஒரு கட்டம். நாம் படிப்பதில்லை, அவ்வளவுதான்.

ஓசூர் விமான நிலையத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2024 ஜூனில் முதல்வர் ஸ்டாலின் சட்டமன்றத்தில், ஓசூரில் 2,000 ஏக்கரில் பன்னாட்டு விமான நிலையம் வரும் என்று அறிவித்தார். தர்மபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு ஒரே சந்தோஷம். ஆனால் பெங்களூர் விமான நிலையக் கம்பெனியோடு மத்திய அரசு 2004ல் போட்ட ஒப்பந்தத்தில் ஒரு பிரிவு இருக்கிறது: தேவனஹள்ளி நிலையம் திறந்து 25 வருஷம் வரை, 150 கிலோமீட்டர் சுற்றளவுக்குள் புதிதாக இன்னொரு விமான நிலையம் வரக்கூடாது. மைசூருக்கும் ஹாசனுக்கும் மட்டும் விதிவிலக்கு. தேவனஹள்ளி திறந்தது 2008 மே, ஆக 2033 வரை ஓசூருக்கும் இந்தக் கட்டு உண்டு. அதே மாதம் நகரத்துக்குள்ளேயே இருந்த எச்.ஏ.எல். நிலையத்தில் பயணிகள் விமானங்களும் நின்றன. அதுவரை இந்திராநகரிலிருந்து சாவகாசமாக ஆட்டோவில் போய்க்கொண்டிருந்த ஆட்கள், அப்புறம் ஊரின் வடக்குக் கோடி தாண்டிப் போக ஆரம்பித்தார்கள்.

பணம் போடுகிறவர் போட்டி வேண்டாம் என்று கேட்பார். அது அவர் வேலை. அதற்குச் சரி என்று தலையாட்டிக் கையெழுத்துப் போட்டது யார், நம்மிடம் கேட்டார்களா என்பதுதான் விஷயம்.

ஐடி வந்த பிறகுதானே இந்தக் கூத்து?

இல்லை. நூறு வருஷத்துக்கு மேலான பழக்கம் இது, அதில் நம் ஆட்களின் கதையும் இருக்கிறது. கோலார் தங்க வயலை ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்ற பிரிட்டிஷ் கம்பெனி நடத்தியது. சுரங்கத்தில் இறங்கியவர்களில் பெரும்பாலானோர் தமிழர்கள், வட ஆற்காடு பக்கத்திலிருந்து போனவர்கள். காவிரியில் சிவசமுத்திரத்தில் மைசூர் சமஸ்தானம் நீர்மின் நிலையம் கட்டி 1902ல் மின்சாரம் எடுத்தபோது, அந்தக் கம்பி முதலில் போனது சுமார் 147 கிலோமீட்டர் தள்ளியிருந்த கே.ஜி.எஃப்.புக்கு. பெங்களூர் தெருவிளக்கு எரிந்தது 1905ல். மகாராஜாவின் மைசூருக்குக்கூட அதற்கப்புறம்தான். தங்கம் எடுக்கிற இயந்திரத்துக்கு முதல் வரிசை, ஊர் ஜனத்துக்கு அடுத்த வரிசை.

2001 பிப்ரவரி கடைசியில் சுரங்கத்தை மூடினார்கள். இன்றைக்கும் தங்க வயலின் மாரிக்குப்பத்திலிருந்து விடியற்காலை ரயிலில் ஆயிரக்கணக்கானவர்கள் பெங்களூருக்கு வேலைக்கு வந்து ராத்திரி திரும்புகிறார்கள். ஒரு கம்பெனிக்காக ஓர் ஊரைக் கட்டினால், கம்பெனி போன பிறகு ஊர் என்ன ஆகும் என்று தெரிய வேண்டுமானால் அந்த ரயிலில் ஒருநாள் நின்றுகொண்டு வந்து பாருங்கள். உட்கார இடம் கிடைக்காது.

மெட்ரோ ஸ்டேஷனுக்கு ஏன் கம்பெனி பெயர்?

பணம் கொடுத்தார்கள், பெயர் வைத்தார்கள். 2025 ஆகஸ்டில் திறந்த மஞ்சள் வழித்தடத்தில் கோனப்பன அக்ரஹாராவுக்கு முன்னால் இன்ஃபோசிஸ் ஃபவுண்டேஷன், ஹெப்பகோடிக்கு முன்னால் பயோகான், பொம்மசந்திராவுக்கு முன்னால் டெல்டா எலெக்ட்ரானிக்ஸ். இன்ஃபோசிஸ் அறக்கட்டளை தருவதாக ஒப்புக்கொண்டது 200 கோடி ரூபாய், பயோகான் 65 கோடி. மல்லேஸ்வரம் பக்கம் போனால் சம்பிகே ரோடு ஸ்டேஷனோடு ஒட்டி நிற்பது ஒரு மாலின் பெயர்.

எனக்கு இதில் பெரிய கோபம் இல்லை. பெயர்ப்பலகை யாரையும் கஷ்டப்படுத்தாது. ஆனால் இதே மெட்ரோவில் 2025 பிப்ரவரியில் அதிகபட்சக் கட்டணம் 60 ரூபாயிலிருந்து 90 ஆனது. கட்டணத்தை ஏற்றும்போது ஸ்பான்சர் பக்கம் யாரும் திரும்பவில்லை, டிக்கெட் வாங்குகிறவர் பக்கம்தான் திரும்பினார்கள். வீட்டு வேலைக்கும் செக்யூரிட்டி வேலைக்கும் போகிறவர்கள் மறுபடி பஸ்ஸுக்கு மாறியதை என் தெருவிலேயே பார்த்தேன்.

அவுட்டர் ரிங் ரோடு ஏன் தினமும் நின்றுபோகிறது?

இதற்குக் கொஞ்சம் நீளமாகத்தான் பதில் சொல்ல வேண்டும்.

அந்த ரோடு ஊருக்குள் வராமல் லாரிகள் சுற்றிப்போகப் போட்டது. அப்புறம் சில்க் போர்டிலிருந்து கே.ஆர். புரம் வரைக்கும் சுமார் 17 கிலோமீட்டருக்கு இரண்டு பக்கமும் டெக் பார்க்குகள் எழும்பின. ஒவ்வொரு பார்க்கும் ஒரு தீவு. உள்ளே அழகான ரோடு, மரம், நடைபாதை, சைக்கிள் எல்லாம் உண்டு. ஆனால் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியே போக முடியாது. சாதாரண ஊரில் மெயின் ரோடு அடைத்துக்கொண்டால் குறுக்குத் தெருவில் புகுந்து போவோம் இல்லையா, இங்கே குறுக்குத் தெரு இருந்திருக்க வேண்டிய இடத்தில் எல்லாம் சுற்றுச்சுவர். அதனால் பக்கத்துப் பார்க்கில் இருக்கும் நண்பனைப் பார்க்கப் போனாலும் மெயின் ரோட்டில் இறங்கி, யூ-டர்ன் அடித்து, மறுபடி செக்யூரிட்டியிடம் கையெழுத்துப் போட வேண்டும்.

இதில் பாதி சட்டத்தின் விளைவு. 2005ம் வருஷத்துச் சிறப்புப் பொருளாதார மண்டலச் சட்டத்தின் கீழ் வரும் வளாகம் என்றால் வேலி போட்டு, நுழைவைக் கட்டுப்படுத்தித்தான் வைத்திருக்க வேண்டும். வரிச்சலுகையும் வேலியும் ஒரே பொட்டலம். 2025 செப்டம்பரில் கர்நாடக முதல்வர் சித்தராமையா, விப்ரோவின் அசிம் பிரேம்ஜிக்கு ஒரு கடிதம் எழுதினார்: சர்ஜாபுரா ரோட்டு விப்ரோ வளாகத்துக்குள் கொஞ்சம் வண்டிகளை விட்டால், அவுட்டர் ரிங் ரோட்டை ஒட்டிய பகுதியில் நெரிசல் நேரத்துக் கூட்டம் சுமார் 30 சதவீதம் குறையும் என்று. பிரேம்ஜி மரியாதையாக மறுத்தார். இது பங்குச்சந்தையில் பட்டியலிட்ட கம்பெனியின் தனிச்சொத்து, சிறப்புப் பொருளாதார மண்டலம், பொதுவழி ஆக்க முடியாது, ஆனால் போக்குவரத்து ஆய்வு ஒன்றுக்குப் பெரும்பகுதி செலவை நாங்கள் ஏற்கிறோம் என்றார். சட்டப்படி அவர் சொன்னது சரிதான். அதுதான் வயிற்றெரிச்சல். ஒரு மாநில முதல்வர் ஒரு தெருவுக்காகக் கடிதம் எழுதி அனுமதி கேட்கிற நிலைக்கு ஊரை வரைந்து வைத்திருக்கிறோம். அந்தத் தெருவை 20 வருஷத்துக்கு முன்னால் வரைபடத்தில் ஒரு கோடாகப் போட்டுவிட்டு, மீதி நிலத்தைக் கம்பெனிக்குக் கொடுத்திருந்தால் முடிந்திருக்கும்.

இன்னொன்று கம்பெனி பஸ். ஒரே பஸ்ஸில் 40 பேர் போவது 40 காரைவிட எவ்வளவோ மேல், அதில் சந்தேகமில்லை. ஆனால் கத்தினால் காதில் விழும் குரல் உள்ளவர்கள் எல்லோரும் ஏசி பஸ்ஸில் ஏறிப் போய்விட்டால், பி.எம்.டி.சி. என்கிற அரசு டவுன் பஸ் வரவில்லை என்று கத்த மிச்சமிருப்பவர் யார்? கேன்டீன் அக்காவும் ஹவுஸ்கீப்பிங் தம்பியும். அவர்கள் கத்தினால் செய்தி ஆவதில்லை.

மழை வந்தால் டெக் பார்க் மூழ்குகிறதே, அப்போது கம்பெனிகளும் பாதிக்கப்படுகின்றன அல்லவா?

ஆமாம். 2022 ஆகஸ்ட் 30 மழையில் ஒரே நாளில் 225 கோடி ரூபாய் நஷ்டம் என்று அவுட்டர் ரிங் ரோடு கம்பெனிகளின் சங்கம் அப்போதைய முதல்வர் பொம்மைக்குக் கடிதம் எழுதியது. அடுத்த வாரமே மறுபடி வெள்ளம், இன்ஜினியர்கள் டிராக்டரில் ஆபீஸ் போனார்கள்.

ஏரிக்கும் ஏரிக்கும் நடுவே தண்ணீர் போகும் ராஜகாலுவே மேலேயும் ஓரத்திலும் கட்டினால் தண்ணீர் வேறெங்கே போகும்? பெல்லந்தூர் பக்கத்தில் இரண்டு பெரிய கட்டுமானத் திட்டங்கள் மீதான வழக்கில், 2016ல் பசுமைத் தீர்ப்பாயம் ஏரியைச் சுற்றி 75 மீட்டருக்குக் கட்டக்கூடாது என்று எல்லையைப் பெரிதாக்கியது. 2019 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்த எல்லையை ரத்து செய்தது. மாஸ்டர் பிளானில் இருக்கும் 30 மீட்டரைத் தீர்ப்பாயம் மாற்ற முடியாது என்றது. மாஸ்டர் பிளான் எழுதுகிற நாளில் ஏரி பக்கம் பேச யாரும் இல்லாவிட்டால், அப்புறம் கோர்ட்டுக்குப் போய் அழுது பெரிய பலன் இல்லை. 2031க்கான புதுப் பிளானை வரைந்து, அதையும் திரும்பப் பெற்றுவிட்டார்கள். ஊர் இன்னும் 2015க்கு எழுதிய பழைய பிளானில்தான் ஓடுகிறது.

நடக்க ஏன் இடமே இல்லை?

முதலில் அமெரிக்கா. நூறு வருஷத்துக்கு முன்னால் அங்கே தெரு எல்லோருக்கும் சொந்தம். குழந்தைகள் விளையாடினார்கள், தள்ளுவண்டி நின்றது. கார் வந்து ஜனங்கள் அடிபட்டுச் சாக ஆரம்பித்ததும், 1923ல் சின்சினாட்டி நகரத்தில் 42,000 பேர் ஒரு மனுவில் கையெழுத்துப் போட்டார்கள்: எந்தக் காரும் மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேல் ஓட முடியாதபடி இன்ஜினிலேயே கட்டுப்பாடு வை என்று. கார் வியாபாரிகள் பயந்துபோய்ப் பணத்தைக் கொட்டிப் பிரச்சாரம் செய்து, ஓட்டெடுப்பில் அதைத் தோற்கடித்தார்கள். அதோடு நிற்கவில்லை. தப்பு வண்டியின் வேகத்தில் இல்லை, கண்ட இடத்தில் குறுக்கே நடப்பவன்மேல்தான் என்று பேச்சையே திருப்பினார்கள். 1925ல் லாஸ் ஏஞ்சலஸில் நடப்பவரைக் கோட்டுக்குள் அடைக்கும் விதிகள் வந்தன, மற்ற ஊர்கள் அதைக் காப்பியடித்தன. அந்தப் பாடப்புத்தகத்தைப் படித்துத்தான் உலகமெங்கும் ரோடு இன்ஜினியர்கள் உருவானார்கள்.

இங்கே அது எப்படி இறங்கியது? ஸ்கைவாக்கைப் பாருங்கள். பெங்களூரில் பல நடைமேம்பாலங்களைக் கட்டியவை தனியார் கம்பெனிகள். மாநகராட்சி காசு தரவில்லை, பதிலுக்கு அதன்மேல் விளம்பரம் வைத்துச் சம்பாதிக்கும் உரிமையைத் தந்தது. பல பஸ் நிழற்குடைகளும் அப்படித்தான். சரி, விளம்பரத்துக்காகக் கட்டுகிற பாலம் எங்கே நிற்கும்? ரோட்டில் வண்டியில் உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்கு நேராக. பாட்டி எந்த இடத்தில் குறுக்கே கடக்கிறார், மூட்டுவலியோடு இத்தனை படி ஏறுவாரா என்பது அந்தக் கணக்கில் வராது. 2018ல் உயர் நீதிமன்றத்தின் அழுத்தத்தில் ஊர் முழுக்க விளம்பரப் பலகைகளை எடுத்தார்கள். போர்டு போனதும் வருமானமும் போய், லிஃப்டைக் கவனிக்க ஆர்வம் இருக்குமா?

நல்ல நடைபாதையும் இருக்கிறது, மறைக்கவில்லை. டெண்டர்ஷ்யூர் என்ற திட்டத்தில் ரெசிடென்சி ரோடு, செயின்ட் மார்க்ஸ் ரோடு, கன்னிங்ஹாம் ரோடு எல்லாம் ஜோராகப் போட்டார்கள். அங்கே நடந்தால் வேறு நாடு மாதிரி இருக்கும். மர்ஃபி டவுன், ஸ்ரீராமபுரம் பக்கம் வந்தால் டிரான்ஸ்ஃபார்மருக்கும் சாக்கடை மூடிக்கும் நடுவில் புகுந்துதான் போக வேண்டும்.

டோல் ஏன் முடிவே இல்லாமல் போகிறது?

ஓசூர் ரோட்டில் சில்க் போர்டு முதல் எலெக்ட்ரானிக் சிட்டி வரை சுமார் 10 கிலோமீட்டர் மேம்பாலம் 2010ல் டோலோடு வந்தது. அது பரவாயில்லை, சொன்னதைக் கட்டினார்கள். நைஸ் என்ற தனியார் கம்பெனி போட்ட நைஸ் ரோடு வேறு ரகம். 1997ல் போட்ட ஒப்பந்தப்படி மைசூர் வரைக்கும் 111 கிலோமீட்டர் எக்ஸ்பிரஸ்வேயும் வழியில் புது நகரங்களும் வர வேண்டும். அதற்காகச் சுமார் 20,000 ஏக்கர் நிலம் பேசப்பட்டது. பெங்களூரைச் சுற்றிய பகுதி ரோடு வந்தது, டோல் வந்தது, மைசூர் வரவில்லை. கடைசியில் மைசூருக்கு ஆறு வழிச்சாலை போட்டது தேசிய நெடுஞ்சாலை ஆணையம், 2023ல், தனியாக. நிலம் கொடுத்த விவசாயிகள் வழக்கு நடத்திக் கிழவர்களாகிவிட்டார்கள்.

கம்பெனிக்காரர்கள் ஊரைச் சரிசெய்ய முன்வந்தால் நல்லதுதானே? அரசியல்வாதியைவிட மேல் இல்லையா?

இந்தக் கேள்வியை என் மச்சான் ஒவ்வொரு தீபாவளிக்கும் கேட்பான். ஓரளவு நியாயமும் இருக்கிறது. 1999ல் முதல்வர் எஸ்.எம். கிருஷ்ணா, இன்ஃபோசிஸின் நந்தன் நிலேகணி தலைமையில் பெங்களூர் அஜெண்டா டாஸ்க் ஃபோர்ஸ் என்ற குழுவை அமைத்தார். சொத்துவரியை நாமே கணக்குப் போட்டுக் கட்டும் முறை அந்தக் காலத்தில் வந்ததுதான், லஞ்சத்தைக் குறைத்தது, உருப்படியான வேலை. ஆனால் அந்தக் குழுவை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. எந்த வேலை முதலில், எது அப்புறம் என்று அவர்கள் சொன்னது தவறாகப் பட்டால் நாம் யாரை வீட்டுக்கு அனுப்புவது?

எலெக்ட்ரானிக் சிட்டியில் இன்னும் ஒரு படி மேலே போய்த் தொழிற்பேட்டைக்கென்றே 2013ல் தனி உள்ளாட்சி அமைப்பு உருவானது. அரசியல் சட்டத்தின் 243க்யூ பிரிவு இதற்கு இடம் தருகிறது. உள்ளே ரோடு பளிச்சென்று இருக்கிறது. வார்டு கவுன்சிலர் என்று ஒருவர் இல்லை.

இதை இப்போதைய நிலையோடு சேர்த்துப் பாருங்கள். பெங்களூர் மாநகராட்சிக் கவுன்சில் 2020 செப்டம்பரில் காலாவதியானது. அதற்குப் பிறகு ஐந்து வருஷம் தேர்தலே நடத்தாமல் ஓட்டினார்கள். 2025ல் மாநகராட்சியையே கலைத்து, கிரேட்டர் பெங்களூர் ஆணையத்தின் கீழ் ஐந்து மாநகராட்சிகளாகப் பிரித்தார்கள். கவுன்சிலர் நாற்காலி காலியாக இருக்கும்போது கம்பெனி சங்கத்தின் கடிதம்தான் மேஜைக்குப் போகிறது, ஏனென்றால் வேறு கடிதம் வரவே வழியில்லை. ஹெப்பாளிலிருந்து சில்க் போர்டு வரை பல்லாயிரம் கோடியில் சுரங்கச்சாலை என்ற பேச்சு வந்ததும் இந்தக் காலத்தில்தான். காருக்கான சுரங்கம் அது, பஸ்ஸில் போகிறவருக்கு அதில் ஒன்றும் இல்லை.

இதில் ஏழை ஜனத்துக்கு என்ன ஆகிறது?

ஈஜிபுரா. கோரமங்கலாவை ஒட்டி, மாநகராட்சி கட்டிய ஏழைகள் குடியிருப்பு. தமிழ் தலித் குடும்பங்கள் நிறைய. தரமில்லாமல் கட்டியதால் சில பிளாக்குகள் இடிந்து விழுந்தன, ஜனங்கள் அதே இடத்தில் தகரக் கொட்டகையில் இருந்தார்கள். அப்புறம் மாநகராட்சி, மேவரிக் ஹோல்டிங்ஸ் என்ற கம்பெனியோடு கூட்டு ஒப்பந்தம் போட்டது: நிலத்தின் ஒரு பகுதியில் மால், இன்னொரு பகுதியில் ஏழைகளுக்கு வீடு. 2013 ஜனவரியில் போலீஸ் பாதுகாப்போடு புல்டோசர் வந்தது. சுமார் 1,500 குடும்பங்கள் தெருவுக்கு வந்தன, பனிக்காலத்தில், பிள்ளைகளின் பள்ளிக்கூட வருஷம் முடிய இரண்டு மாதம் இருக்கும்போது. பல பெண்கள் கோரமங்கலாவில் நடந்துபோகும் தூரத்தில் வீட்டுவேலை செய்தவர்கள். ஊருக்கு வெளியே தள்ளியபோது வேலையும் போனது. பொது நிலம் ஒரு நல்ல இடத்தில் கிடந்தால் அதன் மதிப்பு யார் கையில் சேரும் என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு எனக்குத் தெரியாது.

ஆட்டோக்காரர் ஏன் மீட்டர் போடுவதில்லை? அவர் பேராசையா, ஆப்பா?

இரண்டும் கலந்தது. அரசு விலை தெளிவு: 2025 ஆகஸ்டிலிருந்து முதல் 2 கிலோமீட்டருக்கு 36 ரூபாய், அப்புறம் கிலோமீட்டருக்கு 18. மீட்டர் மறுப்பு ஊபர் மாதிரி ஆப் வருவதற்கு முன்னாலும் இருந்தது, அண்ணன்மாரைப் புனிதராக்க வேண்டாம். ஆனால் ஆப் வந்ததும் விலையை நிர்ணயிக்கிற இடம் தெருவிலிருந்தும் அரசிடமிருந்தும் நகர்ந்து ஒரு சர்வருக்குப் போனது. மழை பெய்தால் விலை ஏறும், உங்களிடம் ஒரு தொகை வாங்கி ஓட்டுநருக்கு வேறு தொகை போகும், நடுவில் எவ்வளவு என்று இருவருக்கும் தெரியாது.

2022ல் இந்த ஊர் ஒரு நல்ல காரியம் செய்தது. ஆட்டோ ஓட்டுநர் சங்கமும் ஜஸ்பே என்ற இங்குள்ள கம்பெனியும் சேர்ந்து நம்ம யாத்ரி என்ற ஆப்பைக் கொண்டுவந்தார்கள். கமிஷன் இல்லை, பின்னால் ஓட்டுநர் ஒரு நாளைக்கு 25 ரூபாய் கட்டினால் போதும் என்று வைத்தார்கள். போட்டி தாங்காமல் 2025ல் ஊபரும் ஆட்டோவுக்குக் கமிஷனை விட்டுச் சந்தா முறைக்கு மாறியது. ஆக, மாற்ற முடியாது என்று சொன்னது மாறியது. ஆனால் கமிஷன் போன இடத்தில் முன்கூட்டியே டிப்ஸ் வந்து உட்கார்ந்துகொண்டது. வண்டி வருவதற்கு முன்னாலேயே எதற்கு நன்றிக்காசு என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2025 மேயில் ஊபருக்கு நோட்டீஸ் அனுப்பியது. பட்டன் இல்லாத காலத்தில் 'மேலே இருபது போட்டுக்குடுங்க சார்' என்றதுதான், இப்போது திரையில் அழகான நிறத்தில் வருகிறது.

பத்து நிமிஷத்தில் வெங்காயம் வருவதில் என்ன தப்பு?

வாங்குகிற எனக்கு ஒன்றுமில்லை. குடியிருப்புத் தெருவில் ஷட்டர் போட்ட கிடங்கு, வாசலில் முப்பது பைக், அந்த டெலிவரிப் பையன்களுக்குக் கழிவறை கிடையாது. தெருவை இலவசப் பார்க்கிங்காகவும் ஓய்வறையாகவும் பயன்படுத்திக்கொள்கிற வியாபாரம் இது. கர்நாடகா 2025ல் இப்படி ஆப் வழியாக வேலை செய்பவர்களுக்கான கிக் தொழிலாளர் சட்டம் கொண்டுவந்து, ஒவ்வொரு பரிவர்த்தனையிலும் 1 முதல் 5 சதவீதம் வரை நலநிதிக்குக் கம்பெனி கட்ட வேண்டும் என்றது. கழிவறைக்கு அது போதுமா, பார்ப்போம்.

யு.பி.ஐ. இலவசம்தானே, அதில் யாருக்கு லாபம்?

2020 ஜனவரியிலிருந்து கடைக்காரரிடம் கட்டணம் வாங்கக்கூடாது என்பது விதி. நல்ல விஷயம், உண்மையிலேயே. ஆனால் ரோடு அரசு போட்டது, அதில் ஓடும் வண்டி பெரும்பாலும் இரண்டு கம்பெனியுடையது. வால்மார்ட்டின் ஃபோன்பேயும் கூகுள் பேயும் சேர்ந்து ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு பரிவர்த்தனையை வைத்திருக்கின்றன. எந்த ஒரு ஆப்பும் 30 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று 2020 நவம்பரிலேயே யு.பி.ஐ.யை நடத்தும் தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம் சொன்னது. கெடுவைத் தள்ளித் தள்ளி 2026 டிசம்பர் வரைக்கும் கொண்டுவந்துவிட்டார்கள்.

பெங்களூரில் இதற்கு இன்னொரு முகம் 2025 ஜூலையில் தெரிந்தது. யு.பி.ஐ. வரவுகளைப் பார்த்து வணிகவரித் துறை சின்னக் கடைகளுக்கு ஜி.எஸ்.டி. நோட்டீஸ் அனுப்பியது. பேக்கரி, டீக்கடை, காய்கறிக் கடைக்கெல்லாம் லட்சக்கணக்கில். ஒரே வாரத்தில் பல கடைகளில் கியூஆர் அட்டையைக் கழற்றிவிட்டு 'பணம் மட்டும்' என்று எழுதி ஒட்டினார்கள். அப்புறம் முதல்வர் தலையிட்டுப் பழைய பாக்கி கேட்க மாட்டோம் என்றார். வரி கட்ட வேண்டியவர் கட்டத்தான் வேண்டும், அது வேறு. அந்த அட்டையைக் கடைக்காரரிடம் ஒட்டிவிட்டுப் போன விற்பனைப் பிரதிநிதி இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பதுதான் அவர்களின் ஆத்திரம்.

போன் ஏன் சீக்கிரம் போகிறது? வேண்டுமென்றே செய்கிறார்களா?

சில சமயம் ஆமாம், நிரூபிக்கப்பட்ட சரித்திரமே உண்டு. 1924ல் ஓஸ்ராம், பிலிப்ஸ் உள்ளிட்ட பல்ப் கம்பெனிகள் ஜெனீவாவில் ஃபீபஸ் என்ற கூட்டணி அமைத்து, பல்ப் 1,000 மணி நேரத்துக்கு மேல் எரியக்கூடாது என்று முடிவு செய்தன. அதிகம் எரியும் பல்ப் செய்த உறுப்பினருக்கு அபராதம்! நம் காலத்தில், பழைய பேட்டரி உள்ள ஐபோன்களை மென்பொருள் மூலம் மெதுவாக்கியதை 2017ல் ஆப்பிள் ஒப்புக்கொண்டது. திடீரென்று அணைந்துபோகாமல் இருக்கத்தான் என்றது, ஆனால் வாங்கியவரிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை. 2020ல் பிரான்ஸ் அதற்காக 25 மில்லியன் யூரோ அபராதம் போட்டது.

ஆனால் எல்லாமே சூது இல்லை. தண்ணீர் புகாமல் ஒட்டினால் பேட்டரியைக் கழற்ற முடியாது, மெல்லிசாக வேண்டும் என்று நாமும் கேட்டோம். என் போனின் சார்ஜ் துளை ஆடியதற்கு ஒரு கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் மொத்த போர்டையும் மாற்ற வேண்டும் என்றார்கள், பாதி போன் விலை. சிவாஜி நகரில் ஒரு தம்பி சால்டரிங் வைத்து முடித்துக் கொடுத்தார். ஐரோப்பாவில் சட்டம் போட்டதும் ஐபோனுக்கே டைப்-சி வந்தது. 2027 பிப்ரவரி முதல் வாங்கியவரே பேட்டரியைக் கழற்றி மாற்றும்படி இருக்க வேண்டும் என்றும் அங்கே விதி வருகிறது. இன்ஜினியர்களால் முடியாததில்லை, கேட்க ஆள் வேண்டும்.

நாம்தானே விரும்பிப் பயன்படுத்துகிறோம்? யாரும் கட்டாயப்படுத்தவில்லையே?

கட்டாயப்படுத்தத் தேவையில்லை, முதலில் அங்கே இருந்தால் போதும். பெட்டியைத் திறக்கும்போது எது இருக்கிறதோ அதைத்தான் பெரும்பாலானவர்கள் கடைசிவரை வைத்திருப்பார்கள். அந்த இடத்துக்கு விலை என்னவென்று அமெரிக்க வழக்கில் வெளியே வந்தது: ஐபோனில் தேடல் பெட்டியாக இருப்பதற்காகக் கூகுள் 2022ல் மட்டும் ஆப்பிளுக்குக் கொடுத்தது 20 பில்லியன் டாலர். மக்கள் தாமாகவே தேர்ந்தெடுப்பார்கள் என்றால் எதற்கு இவ்வளவு பணம்?

இந்தியாவிலும் 2022 அக்டோபரில் போட்டி ஆணையம் ஆண்ட்ராய்டு விஷயத்தில் கூகுளுக்கு 1,337.76 கோடி அபராதம் போட்டது. அதன் பிறகு இங்கே விற்கும் போன்களில் தேடுபொறியை நாமே தேர்ந்தெடுக்கலாம் என்று வந்தது. 2016 பிப்ரவரியில் ஃபேஸ்புக்கின் ஃப்ரீ பேசிக்ஸ், அதாவது அவர்கள் தேர்ந்தெடுத்த தளங்கள் மட்டும் இலவசம் என்ற திட்டம், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் போட்ட உத்தரவால் நின்றதும் இதே வகைதான். லட்சக்கணக்கான பேர் டிராய்க்கு மெயில் போட்டார்கள், அந்த இயக்கத்தில் இந்த ஊர் இன்ஜினியர்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

ஓடுகிற சம்பளமே கம்பெனியில்தான். அதைச் சாப்பிட்டுக்கொண்டு அதையே திட்டலாமா?

தாராளமாக. வரி கட்டுகிறோம், வாடகை கொடுக்கிறோம்.

சரி, நான் என்ன செய்ய முடியும்?

முதலில் ஓட்டு. நம் ஆட்கள் பாதிப்பேருக்கு ஓட்டு இன்னும் சேலத்திலும் திருப்பத்தூரிலும் இருக்கிறது, குப்பையும் தண்ணீர் லாரியும் ஒயிட்ஃபீல்டில். ஊர்ப்பாசம் புரிகிறது, ஆனால் ஐந்து மாநகராட்சிகளுக்கான வார்டுத் தேர்தலில் உங்கள் தெருவில் உங்கள் எண்ணிக்கை பூஜ்யம் என்றால், வீடு வீடாக வருகிறவர் உங்கள் கதவைத் தட்ட மாட்டார். முகவரியை மாற்றிக்கொள்ள ஆன்லைனில் படிவம் 8 போதும்.

இரண்டாவது, ஊர் கேட்டால் கேட்கும். 2016ல் பசவேஸ்வரா சர்க்கிளிலிருந்து ஹெப்பாள் வரை 6.7 கிலோமீட்டர் இரும்பு மேம்பாலம், சுமார் 800 மரம் வெட்டி, கட்டுவதாக இருந்தது. அக்டோபரில் ஆயிரக்கணக்கானவர்கள் மனிதச் சங்கிலி பிடித்தார்கள். அடுத்த மார்ச்சில் அரசு கைவிட்டது.

மூன்றாவது, ஒப்பந்தத்தைக் கேட்டு வாங்கிப் படிப்பது. தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணம், ஆன்லைனிலும் அனுப்பலாம். 'ஏன் இப்படிச் செய்தீர்கள்' என்று கேட்டால் பதில் வராது. இந்தத் தேதியில் இந்தக் கம்பெனியோடு போட்ட ஒப்பந்தத்தின் நகலும் இணைப்புகளும் வேண்டும் என்று ஆவணத்தைக் கேளுங்கள். வணிக ரகசியம் என்று சொல்லிப் பிரிவு 8(1)(டி)யைக் காட்டி மறுப்பார்கள், அது எதிர்பார்க்க வேண்டியதுதான். அதே பிரிவில், பொதுநலன் பெரிது என்றால் தரலாம் என்றும் எழுதியிருக்கிறது; அதை மேற்கோள் காட்டி 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதுவும் ஆகாவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ எழுதுங்கள். தமிழில் எழுதினால் மொழியைக் காரணம் காட்டியே திருப்பிவிடுவார்கள்.